அம்பலம் ஏறிய சொல்

செய்யாத குற்றத்துக்கு "என் தப்புதான்" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? நினைவுக்கு வரவில்லையா? அப்படியானால் உங்கள் வாழ்க்கை நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதே கேள்வியை உருளையக்காவிடம் கேட்டால், "எந்த வாரத்தைக் கேக்கறீங்க?" என்பாள்.

உருளையக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, வேலை வைத்த பெயர். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற பெரிய சலவை நிலையம் அது. துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுருக்கம் போக இழுத்து, நீராவியில் கொதிக்கும் இரும்பு உருளையின் வாயில் வைப்பார்கள். உருளை அதை உள்ளே வாங்கி மறுபக்கம் மொடமொடவென்று துப்பும். அங்கே இன்னும் இருவர் மடிப்பார்கள். இடது முனையைப் பிடிப்பவள் உருளையக்கா. வலது முனையைப் பிடித்தவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் கடைசித் தங்கை. வீட்டில் அவளைக் குட்டி என்பார்கள்.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரையின் கீழ் ஒத்துப்போனாலே அக்கம்பக்கத்தில் ஆச்சரியப்படுவார்கள். இவர்கள் நாள் முழுக்க ஒரே துணியின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "வீட்ல ஆளுக்கொரு பக்கம் இழுத்தா சண்டை அண்ணி, இங்கே இழுத்தா சம்பளம்" என்பாள் குட்டி. அவள் பேச்சுக்காகவே மடிக்கிற பக்கத்துப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் இயந்திரம் உடனே நின்றுவிடும். அதைக் கண்டுபிடித்தவர் யாரோ, கூலிக்காரியின் விரலையும் விரலாக மதித்த மனிதர். ஆனால் ஈர விரிப்பு உப்பிக்கொண்டு வந்து பட்டாலும் அது நின்றுவிடும். நின்றால் வேலை தேங்கும். மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்த ஒரு நாளில் மேற்பார்வையாளர் வந்து சொன்னார்: "ஏம்மா, அந்தக் கம்பியை மேல தூக்கிக் கட்டிடு. இன்னிக்கு மட்டும்."

அந்த 'இன்னிக்கு மட்டும்' வருடக்கணக்கில் நீடித்தது. காலையில் வந்ததும் கிழிந்த விரிப்பு ஒன்றிலிருந்து நாடாபோல் ஓரத்தைக் கிழித்துத் தடுப்புக் கம்பியைத் தூக்கிக் கட்டுவதுதான் உருளையக்காவின் முதல் வேலை. மாலையில் அவிழ்ப்பாள். யாராவது ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் அன்றைக்குக் கட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

அந்த மேற்பார்வையாளருக்குப் பெண்கள் வைத்த பெயர் விசில். இயந்திரச் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு திரிவார். விரிப்பு கருகினாலும் கிழிந்தாலும் விசில் அலறும். "யாரு?" என்பார். யாராவது ஒருத்தி முன்னால் வந்து நின்று "என் தப்புதான் சார்" என்று சொல்லும்வரை வேலை ஓடாது. வேலை ஓடாத நேரத்துக்குக் கூலியும் கிடையாது. எனவே பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். உண்மையில் யார் என்று ஆராய்வதில்லை. ஒருத்தி முன்னால் போய் நிற்பாள், திட்டை வாங்குவாள், உருளை மறுபடி சுற்றும். திட்டு வாங்கியவளுக்கு அன்று மத்தியானம் மற்றவர்கள் பாத்திரம் கழுவிக் கொடுப்பார்கள்.

நாளடைவில் அந்த வேலையும் உருளையக்காவிடமே வந்து சேர்ந்தது. "எனக்குக் காது ரெண்டும் தகரம்டி. உள்ள போகாது, சத்தம்தான் வரும்" என்று சிரித்துக்கொண்டே போய் நிற்பாள்.

"அண்ணி பாத்திரம் கழுவி எத்தனை நாளாச்சு தெரியுமா? வீட்லயும் இப்படி ஒரு விசில் வாங்கி வைங்கடி, நானும் தப்பிச்சுக்கறேன்" என்பாள் குட்டி.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நடந்தது தெரிந்த பிறகு, படித்த மனிதர்கள் பலர் கேட்டார்கள்: "அந்தம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க? புத்தி எங்கே போச்சு?" புத்தி எங்கும் போகவில்லை. வருடக்கணக்காகச் சம்பளம் கொடுத்து ஒரு நிறுவனம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை அவள் தப்பில்லாமல் ஒப்பித்தாள், அவ்வளவுதான்.

ஒரு முற்பகலில், ஓரம் கிழிந்த விரிப்பு ஒன்று வந்தது. குட்டியின் விரல்கள் அந்தக் கிழிசலில் மாட்டிக்கொண்டன. உருளை துணியை இழுத்தது, துணி கையை இழுத்தது. நிறுத்துகிற பொத்தான் எட்டாத சுவரில் இருந்தது. உருளையக்கா ஓடிப்போய் அதை அழுத்துவதற்குள் வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது. இதற்கு மேல் நான் விவரிக்கப்போவதில்லை.

அன்றைக்கு விசில் ஊதவில்லை. "யாரு?" என்ற கேள்வி மட்டும் மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தது. விசில் ஒரு பையில் பழங்களோடு வந்து உருளையக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நிஜமாகவே அழுதார், அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கம்பியை யார் கட்டினதுன்னு கேப்பாங்கம்மா. நான் கட்டச் சொன்னேன்னு சொன்னா மெஷினுக்கு சீல் வெச்சிடுவாங்க. அத்தனை பொம்பளைங்களும் நாளைக்கு வீட்ல உக்காரணும். நீ உன் தப்புன்னு சொல்லிடு. குட்டியை கம்பெனி பாத்துக்கும். நான் பேசிட்டேன்."

"அவளைப் பாத்துப்பாங்களா சார்?"

"என் பொண்ணு மாதிரி பாத்துப்பாங்க."

அவள் சொல்லிவிட்டாள். கம்பியைக் கட்டியது யார் என்று விசாரிக்க வந்தவர்கள் கேட்டார்கள். "நான்தான் கட்டினேன், என் தப்புதான்" என்றாள். கட்டச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அஜாக்கிரதையால் உடன் வேலை செய்பவரின் அங்கத்தைச் சிதைத்ததாக அவள்மீது வழக்கு வந்தது. அவள் புருஷன், வீடுகளுக்கு வண்ணம் பூசுகிற தொழிலாளி, அதிகம் பேசாதவன். "ஒரு வக்கீலைப் பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னான். ஏழைகளுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருகிற அறை ஒன்று நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. அங்கிருந்த பெண் நல்ல மாதிரிதான், உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். "நீங்க ஏழைன்னு ஒரு சான்று வேணும். உங்க முதலாளிகிட்ட சம்பளச் சான்று வாங்கிட்டு வாங்க" என்றார்.

சட்டத்தில் எங்கும் பிழையில்லை பாருங்கள். யாருக்கு எதிராக அவளுக்கு வழக்கறிஞர் தேவையோ, அவர்கள் கையெழுத்திட்டால் அவளுக்கு வழக்கறிஞர் கிடைப்பார். எலி, பூனையிடம் போய் நன்னடத்தைச் சான்று வாங்கி வர வேண்டும்.

அவள் கேட்டாள். சலவை நிலைய அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "எதுக்கும்மா அலையறே? நம்ம வக்கீல் வருவாரு."

விசாரணையன்று அவர் வந்தார். நரைத்த தலை, இஸ்திரி கலையாத கறுப்புக் கோட்டு, மென்மையான குரல். அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்டீங்களாம்மா?" கோட்டுப் போட்ட ஒரு மனிதர் அவளிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. "தப்பை ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிடும். அபராதத்தைக் கம்பெனி கட்டிடும். இல்லேன்னா வருஷக்கணக்கா இழுக்கும். உங்க இஷ்டம்" என்றார். நான் உங்கள் வழக்கறிஞர் என்று அவர் சொல்லவில்லை. அதில் அவர் மிகக் கவனமாக இருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

நீங்கள் யாருடைய ஆள் என்று அவளும் கேட்கவில்லை. வழக்கறிஞர் என்பவர் யாரோ ஒருவருடைய ஆளாகத்தான் இருப்பார் என்பதே அவளுக்குத் தெரியாது. குட்டி படுத்திருந்த பெரிய ஆஸ்பத்திரியில் அவள் பார்த்திருக்கிறாள். டாக்டர் வருவார், படுத்திருக்கிறவர்களை எல்லாம் பார்ப்பார், நீ யார் வீட்டு நோயாளி என்று கேட்கமாட்டார். கோர்ட்டுக்கும் அப்படித்தான் வக்கீல்கள் இருப்பார்கள், வந்தவர்களை எல்லாம் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். அறியாமைதான். ஆனால் நம்முடைய சட்டப் புத்தகங்களை எழுதியவர்களைவிட இந்த அறியாமை கொஞ்சம் நாகரிகமானது.

நீதிபதி நிமிர்ந்து பார்க்காமல் குற்றச்சாட்டைப் படித்தார். நிர்வாகத்தின் உத்தரவை மீறித் தடுப்பை அகற்றியது, அதனால் விபத்து. "ஒத்துக்கறீங்களா?"

அவள் ஓரடி முன்னால் வந்து நின்றாள். "என் தப்புதான் ஐயா."

அவ்வளவுதான். அபராதம் விதித்துவிட்டு அடுத்த வழக்குக்காரரைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து புருஷனிடம், "நம்ம வக்கீல் ரொம்பத் தங்கமானவரு. எவ்வளவு சீக்கிரம் முடிச்சிட்டாரு பாத்தீங்களா?" என்றாள். வீட்டுக்குப் போய் குட்டியிடமும் அதையே சொன்னாள். அன்று வீட்டில் கொஞ்சம் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இத்தனை காலம் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். சுத்தப் பொய். ஏழையின் சொல் தாராளமாக ஏறும். தன்மேல் தானே பழி போட்டுக்கொள்கிற சொல்லாக இருந்தால், அதற்குப் படியே தேவையில்லை, கைபிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார்கள்.

'என் பொண்ணு மாதிரி' பார்த்துக்கொள்வோம் என்ற நிறுவனம் தையல் பிரிக்கும்வரை பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. குட்டி நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டாள். அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. "ஜெராக்ஸ் கடை போடலாம் அண்ணி. வேலையை மெஷின் பாத்துக்கும், நான் இடது கையால பட்டனை அமுக்கினா போதும். அதுக்குள்ளயும் ஏதோ உருளை இருக்காம். சின்னதுதானாம். கடிக்காதாம்." சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள், மற்றவர்களும் சிரிக்கலாம் என்று அனுமதி கொடுப்பதுபோல. நஷ்ட ஈடு வந்தால் ஒரு செயற்கைக் கை, ஒரு சின்னக் கடை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

குட்டிக்கு இலவச வழக்கறிஞர் கிடைத்தார். கை போனபின் வேலையிலிருந்து நீக்கப்பட்டவள் என்பதால் ஏழ்மைக்குச் சான்று தேவைப்படவில்லை. இளம் பெண். கை கொள்ளாத வழக்குக் கட்டுகளோடு மூச்சு வாங்க வந்தார். குட்டியின் வழக்குக் காகிதங்களை அன்று காலையில்தான் அவரிடம் கொடுத்திருந்தார்கள். "அக்கா, சுருக்கமா என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்று நடந்துகொண்டே கேட்டார். அண்ணிமேல் ஒரு வழக்கு நடந்து முடிந்ததைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. முடிந்துபோனதைப் பற்றி என்ன சொல்வது?

விசாரணை அறையின் கதவு திறந்தது. நரைத்த தலையும் கறுப்புக் கோட்டுமாக அந்த வழக்கறிஞர் உள்ளே வந்தார். உருளையக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. குட்டியின் தோளைத் தொட்டு, "கவலைப்படாதேடி, நம்ம வக்கீல் வந்துட்டாரு" என்றாள். எழுந்து நின்று கும்பிட்டாள். அவரும் பதிலுக்குத் தலையசைத்தார். மரியாதை தெரிந்த மனிதர். பிறகு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

"அங்கே போய் உக்காந்துட்டாரே, நம்மளைப் பாக்கலையோ?" என்றாள் உருளையக்கா.

குட்டிதான் முதலில் புரிந்துகொண்டாள். "அண்ணி," என்றாள் மெதுவாக, "அவரு நம்ம வக்கீல் இல்ல அண்ணி."

இளம் வழக்கறிஞர் கெட்டிக்காரர். உருளையக்காவைச் சாட்சியாக நிறுத்தி, இத்தனை நாள் ஒருவரும் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டார். "கம்பியைக் கட்டச் சொன்னது யாரு?"

"சூப்பர்வைசர் சார்தான் சொன்னாரு. தினமும் கட்டணும்னாரு." அவள் குரல் தெளிவாக இருந்தது. விசாரணை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிஷம், அந்த ஒரே ஒரு நிமிஷம், குட்டிக்குக் கடை கிடைத்துவிடும் என்று அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தோன்றியது.

நரைத்த தலை எழுந்தது. குரலில் அதே மென்மை. "ஏம்மா, குற்றவியல் கோர்ட்ல நீங்க என்ன சொன்னீங்க? உத்தரவை மீறிக் கட்டினேன்னு ஒத்துக்கிட்டீங்களே, ஞாபகம் இருக்கா? நான் பக்கத்துலதானே நின்னேன்?"

"ஆமாங்க ஐயா. நீங்கதானே சொல்லச் சொன்னீங்க..."

"நான் உங்க வக்கீலாம்மா? உங்களுக்காக எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கேனா?"

அவள் குட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீதிபதி முன்னாடி அன்னிக்குச் சொன்னது பொய்யா, இல்ல இப்போ சொல்றது பொய்யா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இரண்டில் ஒன்று. கட்டியது நான்தான், ஆனால் கட்டச் சொன்னது அவர் என்கிற மூன்றாவது பதில் படித்தவர்களுக்குத் தெரியும். உருளையக்காவுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். அறையே அசையாமல் நின்றது, அவள் ஏதாவது சொன்னால்தான் அது நகரும் என்பதுபோல. பொய் சொன்னாயா என்று அதட்டினால் என்ன செய்வது என்பது அவள் உடம்புக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கால்கள் தாமாக ஓரடி முன்னால் வந்தன.

"அண்ணி, வேண்டாம்!" குட்டி கத்தினாள். "வாயைத் திறக்காதீங்க அண்ணி! வேண்டாம்!"

"தப்பு என் மேலதான் ஐயா," என்றாள் உருளையக்கா.

மனு தள்ளுபடியாயிற்று. விபத்துக்குக் காரணம் நிர்வாகமல்ல, உத்தரவை மீறிய சக ஊழியர். அது அவரே இருமுறை ஒப்புக்கொண்ட உண்மை. தீர்ப்பில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், இலக்கணப் பிழைகூட இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவரை வேலையில் வைத்திருக்க முடியாது என்று அவளையும் நீக்கினார்கள். இப்போது வேறொருத்தி உருளையருகில் நிற்கிறாள். தடுப்புக் கம்பி மேலேதான் இருக்கிறது என்று கேள்வி.

தெருவில் இருப்பவர்கள் வந்து, "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. எழுத்து என்றால் எழுதியவன் ஒருவன் இருக்க வேண்டும் அல்லவா? இங்கே இருக்கிறான். கோட்டுப் போட்டுக்கொண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு, பிழையில்லாமல் எழுதினான். அவனை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்ன நியாயம்?

மேல்முறையீடு செய்யலாம் என்று அந்த இளம் வழக்கறிஞர் சொன்னார். ஆனால் அதற்கு முதலில் அந்தப் பழைய ஒப்புதலை நீக்க வேண்டும், அதற்கு எதிராகப் போகிற கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கெடு என்று ஒன்று இருப்பதே கெடு முடிந்த பிறகுதான் இவர்களுக்குத் தெரியவந்தது. உருளையோடு சேர்ந்து நின்ற பெண்கள் யாராவது வந்து உண்மையைச் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள் என்றார். உருளையக்கா வீடு வீடாகப் போனாள். கதவைத் திறந்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், டீ போட்டுக் கொடுத்தார்கள். ஒருத்திகூட வரவில்லை. "எங்க வீட்டு அடுப்பையும் பாக்கணும்ல அக்கா?" என்றாள் ஒருத்தி. அவளை நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்லவும் ஒரு தகுதி வேண்டும்.

உருளையக்கா இப்போது ஒரு அலுவலக உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிறாள். வேலைக்குப் போகும் முன் குட்டிக்குத் தலை வாரிப் பின்னி, ரவிக்கைக் கொக்கி மாட்டிவிடுகிறாள். ஆரம்பத்தில் குட்டி கேலி செய்துகொண்டிருந்தாள். இப்போது கேலி குறைந்துவிட்டது. ஒருநாள் தலை வாரும்போது உருளையக்கா சீப்பைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்:

"ஒரு தடவையாவது என்னைத் திட்டுடீ. கைதான் போச்சு, உன் வாய் எங்கே போச்சு?"

குட்டி குனிந்து இடது கையால் சீப்பை எடுத்துக் கொடுத்தாள். பிறகு, "உங்களுக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் அண்ணி," என்றாள். "நான் திட்டினா அதையும் சிரிச்சுக்கிட்டே வாங்கிப்பீங்க. அதுக்கப்புறம் நான் எங்கே போய் அழறது?"

உருளையக்கா பின்னலை முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

குட்டியின் கை வராது. கடையும் இனி வராது. இதைப் படித்துவிட்டு நீங்கள் விடுகிற பெருமூச்சால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் உங்களிடம் பெருமூச்சைக் கேட்கவில்லை, ஒரு நாள் காலைப்பொழுதைக் கேட்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் குடும்பத்தில், உங்கள் அலுவலகத்தின் வாசலில் நிற்கிற காவலாளியிடத்தில், யாரிடமாவது இப்போது கோர்ட்டிலிருந்து வந்த ஒரு காகிதம் இருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து வைத்திருப்பார்கள். விசாரித்துக் கண்டுபிடியுங்கள். அவர்களோடு கூடப் போங்கள். சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கோட்டுப் போட்ட யாராவது வந்து அன்பாகப் பேசினால், "ஐயா, உங்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை நீங்கள் கூடப் போனவரை வாய் திறக்க விடாதீர்கள். இந்த வாரமே போங்கள்.